கடை திறக்கும் நாளைக் கணக்கிடுவோம்: செயற்றிட்ட முகாமைத்துவம் ஓர் அறிமுகம்



"செயற்றிட்ட முகாமைத்துவம்" என்றதும் பெரிய கம்பனிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும் உரிய பாடம் என்று எண்ணி இந்தப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ஒரு தொடக்கம், ஒரு முடிவு, ஒரு செலவுக் கணக்கு உள்ள எந்த வேலையும் செயற்றிட்டம்தான். தினமும் கடை திறந்து வியாபாரம் செய்வது செயற்றிட்டம் அல்ல. அது முடிவில்லாத வேலை. ஆனால் பூட்டிக் கிடக்கும் கடையைத் திருத்தி, சாமான் அடுக்கி, நோன்புக்கு முன் திறப்பது நிச்சயமாக ஒரு செயற்றிட்டம்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம் வர்த்தகர்களுக்கு இது வெறும் ஏட்டுப் பாடமல்ல. 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது கடை, சரக்கு, கைமுதல் யாவும் அங்கேயே விடுபட்டன. 2002 சமாதான காலத்திலும் 2009 இன் பின்னரும் சோனகத்தெருவுக்கும் ஐந்துசந்திக்கும் திரும்பிய பலர் புத்தளத்திலிருந்து ஏறக்குறையப் பூச்சியத்திலேயே தொடங்க வேண்டியிருந்தது. சொந்த முதல் உள்ளவருக்கு ஒரு மாதத் தாமதம் தலைவலி. கடன் முதலில் தொடங்குபவருக்கு அதே ஒரு மாதம் கடையையே மூடிவிடும். கூலியும் வாடகையும் வட்டியில்லாக் கடனின் தவணையும் கடை திறந்ததா என்று பார்த்து வருவதில்லை.

முதலில் கொஞ்சம் கோட்பாடு

ஒரு பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளியை வைப்பதே முதல் படி. இது நமக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி 5 இல் மதீனாவைப் பாதுகாக்க ஸல்மானுல் பாரிஸி (ரழி) அவர்களின் ஆலோசனைப்படி அகழி தோண்டப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று வேலையைப் பங்கிட்டுக் கொடுத்ததாக வரலாற்று நூல்களில் காண்கிறோம். யாருடைய பங்கு எது என்பதில் அங்கே குழப்பத்துக்கு இடமிருக்கவில்லை. நம் கடைகளில் "எல்லோரும் சேர்ந்து பார்த்துக் கொள்வோம்" என்கிறோம். அப்படிச் சொன்ன வேலையை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது படி, எது முடிந்தால்தான் எதைத் தொடங்கலாம் என்று எழுதுவது. 1957 அளவில் அமெரிக்காவின் டூபோன்ட் இரசாயனக் கம்பனி இதை ஒரு கணித முறையாக வளர்த்தது. அதே காலத்தில் அந்நாட்டுக் கடற்படையும் தன் போலாரிஸ் ஏவுகணை வேலைக்கு இதையொத்த முறையொன்றைப் பயன்படுத்தியது. வேலைகளைச் சங்கிலிகளாகக் கோத்துப் பார்த்தால், மிக நீளமான சங்கிலிதான் முழு வேலையும் முடியும் நாளைத் தீர்மானிக்கிறது. இதற்கு "கிரிட்டிகல் பாத்" என்று பெயர். நாம் நீண்ட சங்கிலி என்றே சொல்வோம். அதில் ஒரு நாள் பிந்தினால் திறப்பு ஒரு நாள் பிந்தும். மற்றச் சங்கிலிகளில் கொஞ்சம் பிந்தினாலும் பாதகமில்லை.

வடக்கின் ரயில் பாதை

நம் கண்முன் நடந்த உதாரணம் ஒன்று உண்டு. 1990 இல் யாழ்தேவி நின்றது. யுத்த காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டு பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. 2009 இன் பின் இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் ஓமந்தையிலிருந்து பளை வரை சுமார் 90 கிலோமீற்றரையும், பளையிலிருந்து காங்கேசன்துறை வரை சுமார் 56 கிலோமீற்றரையும் மீள அமைத்தது.

இங்கே வேலைகளின் ஒழுங்கைக் கவனியுங்கள். கண்ணிவெடி அகற்றாத நிலத்தில் மண் அணை போட முடியாது. அணையும் பாலங்களும் இல்லாமல் சிலிப்பர் வைக்க முடியாது. தண்டவாளம் எவ்வளவு சீக்கிரம் வந்து இறங்கினாலும் கண்ணிவெடி வேலை முடியும்வரை அது களஞ்சியத்தில்தான் கிடக்கும். சாமானை முந்தி இறக்கிவிட்டு "வேலை நடக்கிறது" என்று திருப்திப்படும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

இன்னொன்று, அவர்கள் முழுப் பாதையும் முடியும்வரை காத்திருக்கவில்லை. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று துண்டு துண்டாகத் திறந்தார்கள். பளையில் இறங்கியவர் யாழ்ப்பாணத்துக்கு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனாலும் கொழும்பிலிருந்து பளை வரை ரயில் ஓடியது. கடையின் முன்பகுதியைத் திறந்து வியாபாரத்தைத் தொடங்கி, பின்னறையையும் மேல் மாடியையும் வருமானத்திலிருந்து முடிப்பது இதே முறைதான். ஒரு நிபந்தனை: திறக்கும் துண்டு தனியே ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். மின்சாரம் வராத முன்பகுதியைத் திறந்து பயனில்லை.

எதிர்ப்பக்க உதாரணமாக யாழ்ப்பாணக் கலாசார நிலையத்தைச் சொல்லலாம். 2015 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்ட இந்தப் பதினொரு மாடிக் கட்டிடம் 2022 மார்ச்சில் திறந்து வைக்கப்பட்டு, 2023 பெப்ரவரியில்தான் மக்களுக்கென அர்ப்பணிக்கப்பட்டது. கட்டிடம் எழுந்த பின்னரும் யார் நடத்துவது, பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு நீண்டது. கட்டி முடிவது ஒன்று, பயன்படத் தொடங்குவது இன்னொன்று. கடைக்கும் அப்படியே: வியாபாரப் பதிவு, மாநகர சபை அனுமதி, மீற்றர், கல்லாவில் இருக்கப்போகும் ஆள் எல்லாம் வேலைப் பட்டியலில் ஏறவேண்டும்.

பயிற்சி

ஒரு கொப்பியை எடுங்கள். ஒரு பழைய கடையைத் திருத்தித் திறக்கப் போகிறோம். கணக்குக்காக நாட்களை நானே வைக்கிறேன். உங்கள் கடைக்கு உங்கள் நாட்களைப் போட்டுக் கொள்ளுங்கள்.

வாடகை உடன்படிக்கைக்கு 4 நாள். அது முடிந்ததும் கூரை வேலை 12 நாள். கூரை முடிந்தால்தான் வயரிங், 6 நாள். வயரிங்கின் பின் பூச்சும் பெயின்டும் 5 நாள். மறுபக்கம், உடன்படிக்கை முடிந்ததும் தச்சரிடம் இறாக்கைக்கு ஓடர் கொடுக்கலாம். அவருக்கு 15 நாள். பெயின்டும் இறாக்கையும் தயாரானதும் பொருத்த 2 நாள். கொழும்பு புறக்கோட்டையில் சரக்குக்குச் சொல்லி லொறியில் வந்து சேர 10 நாள். இறாக்கையும் சரக்கும் இருந்தால் அடுக்க 3 நாள்.

கூரை வழியாகப் போகும் சங்கிலி: 4 + 12 + 6 + 5 + 2 + 3 = 32 நாள். தச்சர் வழி: 4 + 15 + 2 + 3 = 24 நாள். சரக்கு வழி: 4 + 10 + 3 = 17 நாள். ஆகவே கடை 33 ஆம் நாள் திறக்கும். தச்சரிடம் 8 நாளும் சரக்கில் 15 நாளும் கைவசம் இருக்கின்றன. மேசன் பாஸிடம் ஒரு நாளும் இல்லை.

இப்போது பணத்தைப் பாருங்கள். உடன்படிக்கை முடிந்த கையோடு சரக்குக்குச் சொன்னால் 14 ஆம் நாள் வந்து இறங்கும். 30 நாள் செக் என்றால் 44 ஆம் நாள் வங்கியில் காசு இருக்க வேண்டும். கடை திறந்து 12 நாள் வியாபாரம்தான் கையில். அதே சரக்கு 27 ஆம் நாள் வரும்படி சொன்னால் செக் 57 ஆம் நாள். 25 நாள் வியாபாரம் கிடைக்கும். சரக்கும் அதே, விலையும் அதே. செக் திரும்பி, புறக்கோட்டையில் பெயர் கெடுவதற்கும் கெடாததற்கும் உள்ள வித்தியாசம் அந்த 13 நாட்கள். உண்மையில் நிலைமை இதைவிடச் சிக்கல். மேசன் பாஸுக்கு ஞாயிறு லீவு; செக்கின் நாட்கணக்கில் ஞாயிறும் சேரும்.

கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதி வைக்கும்படி ஸூரா பகராவின் 282 ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. தச்சருடனும் மேசனுடனும் செய்யும் கொந்தராத்தையும் அப்படியே தேதி போட்டு எழுதிக் கொண்டால் பின்னால் முகம் கோணாமல் பேசலாம். நம்மவர்கள் பலர் இதைக் கூச்சமாக நினைக்கிறார்கள். எனக்கு அது விளங்கவில்லை.

மழையையும் மறக்கக் கூடாது. குடாநாட்டில் மழை ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை. நோன்போ ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முந்தி வருகிறது. 2027 இல் பெப்ரவரி இரண்டாம் வாரமளவில் ரமழான் பிறை எதிர்பார்க்கப்படுகிறது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜனவரி 25 அளவில் திறக்க வேண்டுமானால், லீவு நாட்களையும் ஒரு வாரக் கைக்காவலையும் சேர்த்து டிசெம்பர் 11 அளவில் தொடங்க வேண்டும். அப்போது கூரையைக் கழற்றும் நாட்கள் டிசெம்பர் பிற்பகுதியில், மழைக்குள் விழுகின்றன. எனவே கூரையை மட்டும் செப்டெம்பருக்குள் முடித்துவிடுவதே நல்லது. மேலதிகமாகச் சில மாத வாடகை போகும். அது நட்டமா இலாபமா என்று உங்கள் வாடகையை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

இனி உங்களுக்கான கேள்விகள். தச்சர், "10,000 ரூபா கூடத் தந்தால் 5 நாள் முந்தித் தருகிறேன்" என்கிறார். மேசன் பாஸ், "15,000 கூடத் தந்தால் 4 நாள் முந்தி முடிக்கிறேன்" என்கிறார். கடை திறந்தால் நாளொன்றுக்கு 6,000 ரூபா இலாபம் வரும் என்று வையுங்கள். யாருக்குக் கொடுப்பீர்கள்?

அடுத்தது சற்றுக் கடினம். இரண்டு கோஷ்டி மேசன்மாரைப் போட்டுக் கூரையை 6 நாளிலும், வயரிங்கை 4 நாளிலும், பெயின்டை 3 நாளிலும் முடிக்கிறீர்கள். தச்சர் பழைய 15 நாளே. வேலை எத்தனை நாளில் முடியும்? 22 என்று எழுதியவர்கள் மூன்று சங்கிலிகளையும் மீண்டும் கூட்டிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், விடையை அடுத்த வாரம் பார்ப்போம்.