ஊரே அடுப்படி ஆகும் நாள்

சமையல் பெண்களுக்குப் புதிய வேலை அல்ல. தினமும் செய்கிறார்கள். வீட்டுக்குள்ளே, அடுப்படியில், தனியாகச் செய்கிறார்கள். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அடுப்பு தெருவுக்கு வரும் நாள் ஒன்று உண்டு. அன்று ஊரே அதைப் பார்க்கிறது. அந்த நாளைப் பற்றிப் படிப்போம்.

ஆற்றுகால் பொங்கலை

கேரளத்தின் தலைநகரம் திருவனந்தபுரம். அங்கே ஆற்றுகால் என்ற இடத்தில் பகவதி அம்மன் கோயில் இருக்கிறது. மாசி மாதத்தில் பத்து நாள் திருவிழா நடக்கும். ஒன்பதாம் நாள் பொங்கலை.

அன்று காலை பெண்கள் வரிசையாக உட்காருகிறார்கள். கோயில் வாசலில் மட்டும் அல்ல. சாலை ஓரம், சந்து, வீட்டு முற்றம், எங்கும் அடுப்பு. மூன்று செங்கல் வைத்தால் ஓர் அடுப்பு. அதன் மேல் புது மண்பானை. பச்சரிசி, வெல்லம், தேங்காய், நெய் சேர்த்துப் பொங்குகிறார்கள். மாவும் வெல்லமும் பிசைந்து, இலையில் சுருட்டி, ஆவியில் வேகவைக்கிறார்கள். அதற்குத் தெரளி என்று பெயர்.

நெருப்பு எங்கிருந்து வருகிறது? கருவறை விளக்கிலிருந்து வருகிறது. பூசாரி முதலில் கோயில் அடுப்பைப் பற்றவைப்பார். அந்த நெருப்பை ஒருவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படியே கைமாறிக் கைமாறி, கடைசித் தெருவரை போகும். பக்கத்தில் இருப்பவர் எந்தச் சாதி, பணக்காரரா ஏழையா என்று நெருப்பு கேட்பதில்லை.

1997ஆம் ஆண்டில் 15 லட்சம் பெண்கள் பொங்கல் இட்டார்கள். அது கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறியது. 2009ஆம் ஆண்டில் 25 லட்சம் பேர் என்று மறுபடியும் பதிவானது. கொரோனா நோய் பரவியதால் 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பெண்கள் அவரவர் வீட்டிலேயே பொங்கினார்கள். 2023ஆம் ஆண்டில் அடுப்புகள் மீண்டும் தெருவுக்கு வந்தன.

கண்ணகியின் கதை

இந்த அம்மனைக் கண்ணகி என்று மக்கள் சொல்கிறார்கள். கண்ணகி நமக்குத் தெரிந்தவள்தான். சிலப்பதிகாரத்தின் நாயகி. அவள் கணவன் கோவலன். செய்யாத திருட்டுக்காக மதுரையில் அவனைக் கொன்றார்கள். கண்ணகி சிலம்பை உடைத்து அரசனிடம் நியாயம் கேட்டாள். அவள் கோபத்தில் மதுரை எரிந்தது. பிறகு அவள் சேர நாட்டுக்குப் போனாள். போகும் வழியில் ஆற்றுகாலில் தங்கினாள் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. திருவிழா நாட்களில் அவள் கதையைத் தோற்றம் பாட்டு என்று பாடுகிறார்கள்.

நம் பெங்களூரில்

பெங்களூரில் பல மொழிக்காரர்கள் வாழ்கிறோம். இங்குள்ள மலையாளப் பெண்களும் கோயில்களில் கூடிப் பொங்கலை இடுகிறார்கள். தமிழ்ப் பெண்கள் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிறார்கள். கேழ்வரகு மாவும் நொய்யும் சேர்ந்த கூழ் அது. வருகிற எல்லாருக்கும் ஊற்றுகிறார்கள். கன்னடப் பெண்கள் ஊர் ஹப்பத்தில் தம்பிட்டு ஆரத்தி எடுக்கிறார்கள். அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, அதில் விளக்கு ஏற்றி, தலையில் சுமந்து வருகிறார்கள். நம் மாவிளக்கு மாதிரிதான். மொழி வேறு. மாவும் வெல்லமும் ஒன்றே.

நெருப்போடு கவனம்

கூட்டத்தில் அடுப்பு மூட்டும்போது இவற்றை மறக்க வேண்டாம்:

1. பருத்திப் புடவை கட்டுங்கள். நைலான் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.
2. முந்தானையை இடுப்பில் செருகுங்கள். கூந்தலை முடியுங்கள்.
3. அடுப்புக்கு அடுப்பு இடைவெளி விடுங்கள். நடுவில் வழி இருக்கட்டும்.
4. எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.
5. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். குழந்தைகளைத் தள்ளி உட்காரவையுங்கள்.
6. வெயிலில் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்.

புடவையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான போர்வையால் மூடலாம்.

சுட்ட இடத்தில் உடனே குளிர்ந்த நல்ல தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, மாவு, மை எதுவும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிய காயம் என்றால் 108க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும். அதற்குக் கட்டணம் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு

திருவனந்தபுரத்தில் பொங்கலை முடிந்த அன்றே மாநகராட்சி ஊழியர்கள் தெருவைச் சுத்தம் செய்கிறார்கள். செங்கற்களைச் சேகரிக்கிறார்கள். அவை ஏழைகளுக்கு வீடு கட்டப் பயன்படுகின்றன. ஒரு நாள் அடுப்பாக இருந்த கல், பிறகு ஒரு குடும்பத்தின் சுவர் ஆகிறது. நம் தெரு விழாவிலும் இப்படிச் செய்யலாம் அல்லவா?

இன்னொரு விஷயம். இந்திய அரசு 2019ஆம் ஆண்டில் ஒரு கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதாவது சுமார் 5 மணி நேரம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தக் கணக்கில் இல்லை.

திருவிழா அன்று பெண்ணின் சமையலை ஊரே கும்பிடுகிறது. மற்ற நாட்களில் அதை வேலை என்றுகூடச் சொல்வதில்லை. தெருவில் நெருப்பைக் கைமாற்றுகிறோம். வீட்டில் வேலையைக் கைமாற்ற முடியாதா?

கணக்குப் போடுங்கள்

ஓர் அடுப்புக்கு 3 செங்கல். உங்கள் தெருவில் 50 பெண்கள் பொங்கல் வைத்தால் எத்தனை செங்கல் வேண்டும்?

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊர் அம்மன் விழாவில் என்ன சமைப்பார்கள்?
2. சுட்ட காயத்துக்கு உங்கள் வீட்டில் இதுவரை என்ன செய்தீர்கள்? இனி என்ன செய்வீர்கள்?
3. உங்கள் வீட்டில் யார் யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள்? ஒரு நாள் எழுதிப் பாருங்கள்.