ஊர் நம்பும் பொய்

அன்புத் தங்கைக்கு,

கல்லூரி கபடி அணியில் ஆடும் ஒருத்தி, எதற்கெடுத்தாலும் அவளோடு மல்லுக்கு நிற்கும் ஒருவன். ஏதோ ஒரு தேவைக்காக இருவரும் காதலர்கள் மாதிரி நடிக்கிறார்கள், நடிப்பு கடைசியில் நிஜமாகிவிடுகிறது. இப்படி ஒரு நாவலைப் பழவேற்காட்டில் வைத்து எழுத ஆசை என்றும், இதெல்லாம் அமெரிக்கக் கல்லூரிக்குச் சரி, நம் குப்பத்துக்கு ஒட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். நன்றாகவே ஒட்டும். இன்னும் சொன்னால், குப்பத்தில்தான் இந்தக் கதைக்கு உயிர் அதிகம். பார்வைக்கு இது இரண்டு பேர் கதை. நடத்துவதோ மூன்றாவது ஆளான ஊர். ஊர் பார்க்கவேண்டும் என்றுதான் அவர்கள் சேர்ந்து நடக்கிறார்கள். ஊர் பேசுவதால்தான் ஒருவரையொருவர் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். பொய் உடைந்தால் ஊருக்குத்தான் பதில் சொல்லவேண்டும். ஆகவே இந்த வகை நாவலின் தரத்தை இறுதிப் போட்டியிலோ முத்தக் காட்சியிலோ நான் தேடமாட்டேன். அந்தப் பொய்க்கு யார் விலை கொடுக்கிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று எழுதியவர் கணக்குப் பார்த்திருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன்.

நீ விரும்பிப் படிக்கும் வகையிலிருந்தே தொடங்குகிறேன். எல் கென்னடி 2015-இல் வெளியிட்ட ‘த டீல்’ நாவலில் காரெட் ஐஸ் ஹாக்கி அணியின் கேப்டன். ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் அவனால் ஆட முடியாமல் போகும். உடன்படிக்கும் ஹன்னா அவனுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். பதிலுக்கு, அவள் மனத்தில் இருக்கும் இன்னொருவன் கண்ணில் படுகிற மாதிரி இவன் அவளோடு சுற்றவேண்டும். அவர்கள் பரம விரோதிகள் இல்லை, ஆனாலும் ஒப்பந்தத்தின் அச்சு இதுதான். அது முழுக்க முழுக்கப் பார்வையாளர்களை நம்பியிருப்பதைக் கவனி. யாரும் பார்க்காவிட்டால் அவன் அவளுக்குச் செய்யும் உதவிக்குப் பொருளே கிடையாது. இன்னொன்றையும் கவனி. ஹன்னா பள்ளி வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவள். அது வழக்கானபின் சொந்த ஊர் அவள் குடும்பத்தின் பக்கம் நிற்கவில்லை. அவள் அங்கே போவதையே தவிர்க்கிறாள். ஊர்ப்பேச்சின் கொடிய முகம் சொந்த ஊரில் இருக்கிறது, விளையாட்டான முகம் தொலைவிலுள்ள கல்லூரியில் இருக்கிறது. இரண்டும் சந்திக்காதபடி நாவல் அமைந்திருக்கிறது. கல்லூரியில் பொய் சொல்வது அவளுக்கு மலிவாக முடிவதற்கு அந்தத் தூரமே காரணம். பொன்னேரியில் படித்துவிட்டு மாலை பஸ்ஸில் பழவேற்காட்டுக்குத் திரும்புகிற உன் கதாநாயகிக்கு அந்தத் தூரம் கிடைக்காது. கல்லூரி வாசலில் அவளைப் பார்த்த கண்களில் ஒரு ஜோடியாவது அதே பஸ்ஸில் அவளோடு ஊர் வந்து இறங்கும்.

ஷேக்ஸ்பியர் 1598-99 வாக்கில் எழுதிய ‘மச் அடோ அபவுட் நத்திங்’ நாடகத்தை இந்த வகையின் தாய் என்றே சொல்லலாம். மெசினா என்ற துறைமுக ஊரில் நடக்கிறது. பியாட்ரிஸும் பெனடிக்கும் சந்திக்கும்போதெல்லாம் சொல்லால் அடித்துக்கொள்பவர்கள். நண்பர்கள் சேர்ந்து, ‘அவள் உனக்காக உருகுகிறாள்’ என்று அவன் காதில் விழும்படியும், ‘அவன் உனக்காக ஏங்குகிறான்’ என்று அவள் காதில் விழும்படியும் பேசிக்கொள்கிறார்கள். இரண்டுமே கட்டிய கதை. ஆனால் அதைக் கேட்டபின் இருவர் மனமும் மாறுகிறது. காதல் மெய்யாகவே வந்துவிடுகிறது. அதே நாடகத்தில் பியாட்ரிஸின் உறவுப்பெண்ணான ஹீரோ என்பவளைப் பற்றியும் ஒரு பொய் கட்டப்படுகிறது. கல்யாண நாளன்று, கோவிலில், எல்லோர் முன்னிலும் மாப்பிள்ளை அவளை ஒழுக்கம் கெட்டவள் என்று தூற்றி விட்டுப்போகிறான். பெற்ற தகப்பனே அந்தப் பொய்யை நம்பிவிடுகிறான். ஒரு ஜோடியைச் சேர்த்துவைத்த அதே ஊர்வாய் இன்னொரு பெண்ணைச் செத்தவளாக நடிக்கவைக்கிறது. இது இன்பியல் நாடகம் என்பதை மறந்துவிடாதே. சிரிக்கவைத்துக்கொண்டே அந்த இரண்டு பொய்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்ட அவரால் முடிந்தது.

நம் இலக்கியத்துக்கு இது புதிதா என்றால் அதுவும் இல்லை. கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிக்கலியில் ஒரு பாட்டு. சின்ன வயதில் தெருவில் இவள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன், வளர்ந்தபின் ஒருநாள் தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நிற்கிறான். தண்ணீர் கொடுக்கப் போனவளின் வளையணிந்த கையைப் பிடிக்கிறான். அவள் பதறிப்போய் அம்மாவைக் கூப்பிட்டுவிடுகிறாள். அம்மா ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்று சமாளிக்கிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். விளையாட்டில் எதிரியாக இருந்தவன், பார்த்துக்கொண்டு நிற்கும் பெரியவள், ஒரு பொய், அந்தப் பொய்யால் கூடும் நெருக்கம் என உனக்கு வேண்டிய சரக்கு முழுவதும் அந்தச் சிறிய பாட்டில் இருக்கிறது. அதே குறிஞ்சிக்கலியில் இன்னொருத்தி, பல நாளாகப் பார்த்துவிட்டு வாய் திறக்காமலே போகிறவனை ஊஞ்சல் ஆட்டிவிடச் சொல்கிறாள்; ஆடும்போது கை நழுவியதுபோல் பாசாங்கு செய்து அவன் மார்பில் விழுகிறாள். மெய்யென்று நம்பி அவன் தாங்கிக்கொள்ள, கண் திறந்தால் போகச் சொல்லிவிடுவான் என்று மயங்கியதுபோலவே கிடக்கிறாள். அந்தப் பாசாங்கைத் தோழியிடம் அவளே வாய்விட்டுச் சொல்கிறாள். திருக்குறளிலோ 115-ஆம் அதிகாரம் முழுவதும் அலர்தான். ஊர்ப்பேச்சை உரமாகவும் தாயின் ஏச்சைத் தண்ணீராகவும் கொண்டு காதல் வளர்வதாக வள்ளுவர் அங்கே சொல்கிறார். மெசினாவில் நடந்ததும் இதேதான். உன் கதைக்கும் நம் பழைய பாட்டுகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவற்றில் ஏற்கெனவே இருக்கும் காதலுக்காகப் பொய் சொல்கிறார்கள், அலர் பின்னால் வருகிறது. நீ எழுதப்போவதில் இல்லாத காதலைக் காட்டப் பொய் சொல்கிறார்கள், அலரை அவர்களே முன்னால் கிளப்பிவிடுகிறார்கள். தானாகப் பரவிய பேச்சுக்குக் காதலர்கள் பொறுப்பாளிகள் இல்லை. தாங்களே பற்றவைத்த பேச்சுக்கு இவர்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பு உன் கதையில் எங்காவது அவர்களை உறுத்தவேண்டும்.

பழவேற்காட்டில் இது ஏன் கூடுதல் கனம் பெறுகிறது என்பதைக் காதல் பேச்சை விட்டுவிட்டுத் தொழில் பக்கமிருந்து யோசித்துப் பார். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ஏரியின் நல்ல இறால் இடங்களைப் பாடு முறையில் பங்கிட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். சீட்டுப் போட்டு, எந்த நாளில் யார் எங்கே வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது. மீனவச் சமூகமான பட்டினவர் ஊர்களில் கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டாகக் கணக்கில் வருகிறான். வரியும் பங்கும் தலைக்கட்டை வைத்துத்தான். அப்படியென்றால் யார் யாரோடு சேருகிறார்கள் என்பது அங்கே இரண்டு பேரின் சொந்த விவகாரமாக மட்டும் நிற்க முடியாது. ஏரியில் யாருக்கு இடம் என்ற கணக்கில் போய் அது முட்டும். அந்த முறைக்கு வெளியே நிற்பவர்களும் அதே தண்ணீரை நம்பித்தான் இருக்கிறார்கள்: சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் பெண்களை நீ பார்த்திருப்பாய். பனையோலைக் கூடை முடையும் முஸ்லிம் பெண்கள் பழவேற்காட்டு ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். உன் கதாநாயகியும் கதாநாயகனும் இவற்றில் எந்தெந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று நீ முடிவு செய்த நொடியிலேயே, பொய்யின் விலையும் முடிவாகிவிடுகிறது.

தகழி 1956-இல் எழுதிய ‘செம்மீன்’ இதற்குப் பெரிய சான்று. சுந்தர ராமசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது, கட்டாயம் படி. கறுத்தம்மாவின் காதல், அவள் கற்பு, கடலம்மாவின் கோபம் என்றே அந்த நாவலைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. கறுத்தம்மாவைப் பற்றிய பேச்சு கரையில் பரவியதும், அவள் கணவன் பழனியைக் கூட்டாளிகள் தங்கள் படகில் ஏற்ற மறுக்கிறார்கள். அவன் தனியாகத் தூண்டிலோடு கடலுக்குப் போகவேண்டியதாகிறது, அங்கேயே சாகிறான். கடலம்மா தண்டித்தாள் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். கதை காட்டுகிற காரண காரியம் பேச்சு, படகில் இடமின்மை, தனிமை, சாவு என்றுதான் போகிறது. கரையில் ஒரு பெண்ணின் பெயர் கெட்டால் ஒரு வீட்டின் தொழில் கெடும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன நாவல் குறைவு. அதே சமயம், கடலுக்குப் போனவன் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் ஒழுக்கத்தில் தொங்குகிறது என்ற நம்பிக்கையை நீ உன் கதைக்கு இரவல் வாங்காதே. அது விலை முழுவதையும் பெண் தலையில் கட்டுகிற நம்பிக்கை.

இனி விளையாட்டு. கபடியைத் தேர்ந்தெடுத்தது சரி, ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆணும் பெண்ணும் எதிரெதிர் அணியில் ஆடுகிற ஆட்டம் இல்லை அது. எனவே போட்டி எதற்காக என்பதை நீ தனியாகக் கண்டுபிடிக்கவேண்டும். ஒரே மேட், அதை மாலை வெளிச்சத்தில் யார் அணி எடுத்துக்கொள்வது என்ற தகராறு போதும். ஒரே பயிற்சியாளரின் கவனம், வெளியூர்ப் போட்டிக்கு ஒரே வேன் என்று வளர்த்துக்கொண்டு போகலாம். அந்தப் போட்டியில் உண்மையான பசி இருக்கட்டும். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியில் இடம் கிடைப்பதற்கும் ஆட்டம் வழிவிடுகிறது. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய கபடி அணியில் ஆடியவர், 1995-இல் அர்ஜுனா விருது பெற்றவர். கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியின் துணைக் கேப்டன். இப்படிப்பட்ட பெயர்களைக் கேட்டு வளர்ந்த ஒருத்திக்குக் கபடி பொழுதுபோக்கு இல்லை, வீட்டை நிமிர்த்துகிற வழி. காரெட்டுக்கு மதிப்பெண் எப்படியோ, இவளுக்கு அணியில் இடம் அப்படி. நடிப்பு ஒப்பந்தம் இந்தப் பசியிலிருந்து பிறந்தால் வாசகர் நம்புவார்.

கபடி உனக்கு இன்னொரு உதவியும் செய்யும். ரெய்டு போகிறவள் இடப்பக்கம் பாய்வதுபோல் தோளைச் சாய்த்து, வலப்பக்கம் கால் நீட்டி கார்னரைத் தொடுகிறாள். ஏமாற்றுதான். ஆனால் அதற்கு 30 விநாடி என்று காலமும், பெண்கள் ஆட்டத்தில் 12-க்கு 8 மீட்டர் என்று இடமும் வரையறுத்திருக்கிறது. எதிரில் நிற்கும் ஏழு பேருக்கும் அது ஏமாற்று என்று தெரியும். விசில் ஊதியதும் யாருக்கும் மனக்குறை கிடையாது. காதலாக நடிப்பதற்கு இப்படி ஒரு கோடும் இல்லை, விசிலும் இல்லை. ஏமாற்றப்படுகிறவர்களுக்கு ஆட்டம் நடப்பதே தெரியாது. களத்தில் அழகாக ஏமாற்றத் தெரிந்தவள் ஊருக்குள் அதே திறமையைக் காட்டும்போது தடுமாறுகிறாள் என்பது உன் நாவலின் நடுப்பகுதி முழுவதையும் தாங்கும்.

உனக்குச் சில மறுப்புகள் எழலாம். பொழுதுபோக்குக்குப் படிக்கிற கதைமீது இவ்வளவு பாரம் ஏற்றவேண்டுமா என்று கேட்பாய். மெசினா நாடகத்தில் ஹீரோ என்ற பெண்ணுக்கு நேர்ந்த அவமானம் அதை யாரும் சிரித்துப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. பியாட்ரிஸ் பெனடிக் காதல் ஆழப்படுவதே அந்த அநியாயத்துக்கு எதிராக அவன் அவள் பக்கம் நிற்கும்போதுதான். போனும் இன்ஸ்டாகிராமும் வந்தபின் ஊர்ப்பேச்சுக்கு என்ன மதிப்பு என்றும் சொல்வார்கள்; ஒரு படம் பத்து நிமிடத்தில் சொந்தக்காரர்கள் இருக்கும் எல்லா ஊருக்கும் போய்விடுகிற காலத்தில் அலருக்கு வலு கூடியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கனமான மறுப்பு வேறொன்று: விலை, விலை என்று சொல்லிப் பெண்பிள்ளைகளைப் பயமுறுத்தி வைப்பதுதானே பெரியவர்களின் வேலை, நீங்களும் அதையே சொல்கிறீர்களா? அப்படி ஒலித்துவிடக் கூடாது என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. ஊஞ்சலிலிருந்து விழுந்தவள் பயந்தவள் இல்லை. தான் செய்வது பாசாங்கு என்று தெரிந்து, விரும்பி, கணக்குப் போட்டுச் செய்தாள். அதற்காக அந்தப் பாட்டு அவளைத் தண்டிக்கவும் இல்லை. உன் கதாநாயகியும் துணிந்து பொய் சொல்லட்டும். அவளுக்கு மட்டும் பில் போகாமல், பாதி அவன் கைக்கும் போகவேண்டும் என்பதுதான் என் வாதம். பொய் உடைந்த மறுநாள் அவன் வழக்கம்போல் மைதானத்துக்கு வந்து ஆட, அவளை மட்டும் வீட்டார் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டால், அந்த அநியாயத்தை நாவல் பெயர் சொல்லிச் சுட்டவேண்டும். ‘நானும்தான் சொன்னேன்’ என்று அவன் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வந்து நிற்கிற காட்சி, எந்த இறுதிப் போட்டியையும்விட வாசகரைப் பிடித்துவைக்கும்.

ஆகவே முதல் அத்தியாயத்தைக் கடைசியில் எழுது. ஒப்பந்தம் முடிகிற நாளை முதலில் எழுதிப் பார்: யாருக்கு யார் முதலில் உண்மையைச் சொல்கிறார்கள், அம்மாவுக்கா, பயிற்சியாளருக்கா, அவனுடைய வீட்டுக்கா? அதற்கு முன் உங்கள் ஊரில் இப்போது தலைக்கட்டுக் கணக்கு எப்படி நடக்கிறது, வேறு ஊரில் அல்லது வேறு சாதியில் கட்டிக்கொண்டவனுக்குப் பாடு முறையில் பங்கு உண்டா, பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்கு என்ன ஏற்பாடு என்று ஊர்த் தலைவரான நாட்டாரிடமும் உன் பாட்டியிடமும் தனித்தனியாகக் கேள். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லமாட்டார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அந்த இரண்டு பதிலையும் எழுதி, அத்தியாயத்தோடு சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா