ஏபிஎஸ் விளக்கு அணையவில்லையா? பம்பை மாற்றும் முன் சக்கரத்தைப் பாருங்கள்



நம் குழுக்களில் சிலர் கடன் பெற்றுப் பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, கோயிலுக்கு என்று சவாரி கிடைக்கிறது. அப்படி ஒரு குழுவின் வண்டிக்கு வந்த பழுதை வைத்துத்தான் இந்த மாதப் பாடம்.

ஒருநாள் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் மீட்டர் பக்கம் ‘ஏபிஎஸ்’ என்ற மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினார்கள். "ஏபிஎஸ் பம்பு போயிருச்சும்மா, 32 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் தீர்மான நோட்டைத் திறந்து எழுதப் போகும் நேரத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார்: "போன மாசம் முன் சக்கரத்துக்குப் பேரிங் மாத்துனோமே, அதுக்கு முன்னாடி இந்த லைட்டு எரிஞ்சுதா?" யாருக்கும் ஞாபகம் இல்லை. வண்டி நோட்டைப் புரட்டினார்கள். பேரிங் மாற்றிய தேதி இருந்தது. விளக்கு எரிந்தது அதற்கு 9 நாள் கழித்து. சரி, பணம் கட்டும் முன் இன்னொருவரிடம் காட்டுவோம் என்று முடிவானது.

அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதைச் சொல்லும் முன், இந்த ஏபிஎஸ் என்பது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மழை பெய்த ரோட்டில் குறுக்கே மாடு வந்துவிட்டது, பிரேக்கை ஓங்கி மிதிக்கிறோம். சக்கரம் சுற்றாமல் அப்படியே நின்றுவிடும், ஆனால் வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். உருளாத சக்கரம் திரும்பாது. இதைத் தடுக்கத்தான் ஏபிஎஸ். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் விரல் அளவில் ஒரு சென்சார் இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து ஒரு பல் வளையம் சுற்றும். அந்தப் பற்கள் கடந்து போவதை வைத்து, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சென்சார் தகவல் அனுப்பும். எந்தச் சக்கரமாவது மற்றதைவிடச் சட்டென்று நிற்கப் போனால், இஞ்சின் பக்கத்தில் உள்ள ஏபிஎஸ் பெட்டி அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கை விட்டுப் பிடிக்கும். ஒரு நொடிக்குள் பல தடவை இப்படி நடக்கும்.

அப்போது காலுக்கடியில் பெடல் தடதடவென்று நடுங்கும், சத்தமும் வரும். பயந்து காலை எடுத்துவிடாதீங்க. அழுத்தி மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். முன்பெல்லாம் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏபிஎஸ் வேலை செய்கிற வண்டியில் அது கூடாது. இன்னொன்று, ஏபிஎஸ் இருந்தால் சீக்கிரம் நின்றுவிடும் என்று நினைத்து முன்வண்டியை ஒட்டிப் போகாதீர்கள். மணலும் ஜல்லியும் கிடக்கும் ரோட்டில் நிற்க இன்னும் கூடுதல் தூரம்கூட ஆகலாம்.

இப்போது விளக்குக்கு வருவோம். சாவியைத் திருப்பினதும் ஏபிஎஸ் விளக்கு சில நொடி எரிந்து தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏபிஎஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது என்று அர்த்தம். சாதாரண பிரேக் பிடிக்கும், நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். ஆனால் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் கதை வேறு. ஹேண்ட் பிரேக்கை முழுசா இறக்கியும் சிவப்பு அணையவில்லை என்றால் வண்டியை ஓரங்கட்டுங்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், எங்காவது ஒழுகலாம். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிந்தால் ஓங்கி மிதிக்கும்போது பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலவும் வாய்ப்புண்டு. ஆள் ஏற்றாதீங்க. சவாரிக்கு ஒத்துக்கொண்டோமே என்று பார்க்க வேண்டாம், வேறு வண்டி ஏற்பாடு செய்து அனுப்புங்கள்.

சாவியைத் திருப்பியும் ஏபிஎஸ் விளக்கு ஒரு தடவைகூட எரியவே இல்லையா? பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பழுதை மறைக்கப் பல்பைக் கழற்றிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வண்டிக்கு ஏபிஎஸ் உண்டா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல்தான் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில், ஒரே பெயருள்ள காரிலேயே விலை கூடின ரகத்தில் இருக்கும், குறைந்த ரகத்தில் இருக்காது.

விளக்கு அணையாமல் எரியும் வண்டியில் பார்க்க வேண்டியதைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். பேட்டரி சரியாக இருக்கிறதா? கரண்ட் குறைந்தாலே விளக்கு எரியும். ஏபிஎஸ் ஃபியூஸ் எரிந்திருக்கிறதா? பிரேக் ஆயில் டப்பாவில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா? (ஆயில் குறைந்தால் இஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் உப்பிப் போய் பிரேக்கே பிடிக்காது. மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 எதுவோ அதையே வாங்குங்கள்.) நான்கு டயரும் ஒரே அளவா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் அளவு மாறினால் அந்தச் சக்கரம் வேறு வேகத்தில் சுற்றி, பெட்டியைக் குழப்பும்.

அடுத்து ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் ஒரு சொருகும் இடம் இருக்கும், அதில் மாட்டிப் பார்ப்பார்கள். விலை குறைந்த ஸ்கேனர் பல இஞ்சின் பழுதை மட்டுமே காட்டும், "ஏபிஎஸ் படிக்கிற ஸ்கேனரா?" என்று கேளுங்கள். பழுது எண் பெரும்பாலும் ‘சி’ எழுத்தில் ஆரம்பிக்கும். எந்தச் சக்கரம் என்பதை அது சொல்லும். அந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று நினைவில் இருக்கட்டும், ‘இடது முன் சென்சார்’ என்று வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. சென்சார், வயர், கப்ளர், பல் வளையம் இவற்றில் ஏதோ ஒன்று என்றுதான் பொருள்.

அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வீட்டில் செய்தால் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் வைத்த பிறகுதான் கை வையுங்கள். சென்சார் முனையில் காந்தம் இருந்தால் பிரேக் டிஸ்க்கிலிருந்து வரும் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருக்கும், துணியால் துடைத்தால் போதும். கப்ளரில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறதா, வயரை எலி கடித்திருக்கிறதா, பல் வளையத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த ரோட்டில் மெதுவாக நிறுத்தும்போதே பெடல் நடுங்கினால் வளையத்தில் விரிசலோ சென்சாரில் அழுக்கோ இருக்க வாய்ப்பு அதிகம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா? இருந்தால் பேரிங்.

சில கார்களில் பல் வளையத்துக்குப் பதிலாகப் பேரிங்கின் ஒரு பக்கத்திலேயே காந்தப் பட்டை இருக்கும். பேரிங்கைத் திருப்பி மாட்டிவிட்டால் வண்டி நன்றாக ஓடும், சென்சாருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. பேரிங் மாற்றும் இடத்தில் பக்கத்தில் நின்று இதைக் கேளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்து, பழுது எண்ணும் பம்பையோ பெட்டியையோ காட்டினால்தான் பெரிய செலவைப் பற்றிப் பேச வேண்டும்.

நம் குழு வண்டிக்கு வருவோம். இரண்டாவது ஆள் ஸ்கேன் செய்தபோது வந்தது இடது முன் சக்கரம், பேரிங் மாற்றிய அதே சக்கரம். வேலை முடித்து மாட்டும்போது சென்சார் வயரைப் பிடிக்கும் கிளிப்பைப் போட மறந்திருக்கிறார்கள். வயர் தொங்கி, ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் டயரில் உரசி அறுந்திருந்தது. அறுந்த இடத்தைச் சால்டர் வைத்து ஒட்டி, தண்ணீர் போகாமல் உறை போட்டு, சக்கரம் இரண்டு பக்கமும் திரும்ப இடம் விட்டுக் கிளிப்பில் மாட்டினார். பழைய எண்ணை ஸ்கேனரில் அழித்ததும் விளக்கு அணைந்தது. கூலியும் சாமானும் சேர்த்து 650 ரூபாய்.

அந்தக் குழு இப்போது வண்டி நோட்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டிருக்கிறது. என்ன வேலை செய்தோம், எந்தச் சக்கரம், அன்றைக்கு எந்த விளக்கு எரிந்தது, பழுது எண் என்ன. ரொக்கப் புத்தகம் எழுதுகிற உறுப்பினரே அதையும் எழுதுகிறார்.