வாங்கும் பொருளும் வாய்மையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. இவ்வட்டாரத்தில் வாழும் நம் சிராவகக் குடும்பங்களுள் பல, கொல்லாமை கருதித் தோல் கலவாத காலணி, பெல்ட், கைப்பை ஆகியவற்றையே நாடுகின்றன. 'இது தோல் அன்று' என்று விற்கப்பட்ட செருப்பின் உட்பகுதி தோலாக இருக்கக் கண்டால் நாம் என் செய்வது? 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்னும் பலகையைக் கண்டு வாளா திரும்ப வேண்டுவதில்லை.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அடிப்பாகம் பிய்வது மட்டும் குறையன்று. வணிகர் கூறிய தன்மை பொருளில் இல்லாமையும் குறையே. குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிடின் 30 நாள்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகமாகும். ரசீது தராமையும் அவ்வாறே.

நாம் கைக்கொள்ள வேண்டியவை:

1. குறி காண்க. 1994ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிப்படி, அங்கு விற்கப்படும் காலணிகளில் விரித்த தோல் வடிவம் தோலையும், பின்னல் வடிவம் துணியையும், சாய்சதுரம் பிற பொருள்களையும் குறிக்கும். தோல் வடிவத்தினுள் சாய்சதுரம் இருப்பின் அது மேற்பூச்சிட்ட தோல், ஏமாறற்க. ஒரு பகுதியில் குறைந்தது 80 விழுக்காடு உள்ள பொருளையே குறி காட்டுமாதலின், எஞ்சியதைக் கேட்டறிக.

2. 'தோல் அன்று' என்பதை ரசீதில் எழுதி வாங்குக.

3. குறை கண்டவுடன் பொருளைப் பயன்படுத்தாது, எழுத்து மூலம் முறையிட்டு, நகல் வைத்துக்கொள்க.

4. வணிகர் இணங்காவிடின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நாம் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய் வரையெனில் கட்டணமும் இல்லை. வேண்டுமிடத்து ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும்.

ஒன்றைக் காட்டி மற்றொன்றை விற்றலைக் கள்ளாமை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக நம் அறநூல்கள் வைத்துள்ளன. அவ்விரதம் வாங்குவோரையும் கட்டும். அணிந்து தேய்த்ததைக் குறையுடையதென்று திருப்பித் தருதலும் பிழையே. கடை நடத்தும் நம்மவர், பொருளின் மெய்யான தன்மையைக் கேளாமலே சொல்லுதல் கடன். வாங்குவோர் தயங்காது கேட்பதும், விற்போர் ஒளியாது உரைப்பதும் நம் இல்லங்களில் வழக்கமாகுக.