டிக்கியில் ரைஃபிள், வழியில் எல்லை: கிளம்பும் முன் ஒரு நிமிடம்

சென்னையிலிருந்து கடலூருக்குக் காரில் கிளம்புகிறீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத்தான். டிக்கியில் உறை போட்ட ரைஃபிள், கைப்பையில் லைசென்ஸ் புக். "நான் தமிழ்நாட்டை விட்டு எங்கேயும் போகலையே" என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் நடுவில் புதுச்சேரி இருக்கிறது. உங்கள் உரிமத்தில் "தமிழ்நாடு முழுவதும்" என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தக் கொஞ்ச தூரத்துக்கு நீங்கள் உங்கள் எல்லைக்கு வெளியே துப்பாக்கி வைத்திருப்பவர். தரங்கம்பாடியிலிருந்து கடற்கரைச் சாலையில் நாகப்பட்டினம் போனால் காரைக்கால் குறுக்கே வரும். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சித்தூர் வழியாகப் போனால் ஆந்திராவும் கணக்கில் சேர்ந்துவிடும். கூகுள் மேப் குறுக்கு வழியைத்தான் காட்டும். உங்கள் டிக்கியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

பயிர்ப் பாதுகாப்புக்காக எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். வைத்திருக்கும் விவசாயிகள், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், எஸ்டேட்காரர்கள், துப்பாக்கி சுடும் வீரர்கள் என்று உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் மாட்டிக்கொள்வது தப்புச் செய்ய நினைத்து அல்ல. "லைசென்ஸ் இருக்கே, அப்புறம் என்ன?" என்ற நினைப்பில்தான். ஆயுதச் சட்டம், 1959 அப்படிப் பார்ப்பதில்லை. உரிமம் என்பது ஒரு ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு, ஒரு காலத்துக்குக் கொடுக்கப்படுவது. இந்த நாலில் ஒன்று தவறினாலும் சிக்கல்தான்.

முதலில் புக்கைத் திறங்கள்

உரிமம் செல்லுபடியாகும் பகுதி என்று ஒரு இடம் அதில் இருக்கும். சிலருக்கு ஒரே ஒரு மாவட்டம், சிலருக்கு மாநிலம் முழுவதும், சிலருக்கு இந்தியா முழுவதும். பல வருஷமாகப் பீரோவிலேயே கிடக்கிற புக் என்பதால் இதைப் படித்தே பார்க்காதவர்கள் உண்டு. அதே பக்கங்களில் காலாவதித் தேதி, துப்பாக்கியின் எண், ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்பது, தனி அடையாள எண் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேசிய தரவுத் தளத்தில் ஏறி இந்தத் தனி எண் வாங்காத பழைய உரிமங்கள் இப்போது செல்லாது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உரிமத்தின் காலம் 5 வருடம். ஒருவர் பொதுவாக வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் 2. முன்பு 3 இருந்தது. மூன்றாவதை இன்னும் வீட்டில் வைத்திருப்பவர்கள் பயணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதற்கு வழி பார்க்க வேண்டும்.

போகிற இடம் உங்கள் பகுதிக்கு வெளியே என்றால், பகுதியை விரிவாக்கித் தரும்படி உரிமம் கொடுத்த அலுவலகத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டங்களில் அது ஆட்சியர் அலுவலகம். சென்னையில் காவல் ஆணையர் அலுவலகம். எதற்காக வெளி மாநிலம் போகிறீர்கள் என்பதற்குச் சான்று கேட்பார்கள்: போட்டி அழைப்பு, பணியிட ஆணை, அங்கே நிலம் இருந்தால் அதன் ஆவணம், இப்படி. ஆன்லைனில் விண்ணப்பித்து செல்போனுக்கு ஒப்புகை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். ஒப்புகை என்பது மனு போய்ச் சேர்ந்ததற்குத்தான்; அனுமதி அல்ல. அதிகாரி கையெழுத்தோடு உரிமத்தில் பதிவான பிறகுதான் கார் சாவியை எடுக்க வேண்டும்.

வெளியூரில் 30 நாளுக்கு மேல் தங்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும், புதிதாகத் தங்கும் ஊரின் உரிம அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இந்தியா முழுவதும் செல்லும் உரிமம், ஆனால் இந்தச் சாலையில் செல்லாது

இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். கோவையிலிருந்து மைசூருக்கு எல்லோரும் போகிற வழி எது? சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர். ஊட்டியிலிருந்து என்றால் முதுமலை, பந்திப்பூர். இரண்டுமே புலிகள் காப்பகத்தின் ஊடாகப் போகிற சாலைகள். உடுமலையிலிருந்து மூணாறு போகும் சாலையும் அப்படித்தான்: இந்தப் பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் சின்னாறு சரணாலயம்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் 31-வது பிரிவு சொல்வது சுருக்கமானது: தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலர் எழுத்தில் முன் அனுமதி தராமல் யாரும் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. பொதுச் சாலையில் சும்மா கடந்து போக உங்களுக்கு உரிமை உண்டு. ஆயுதத்தோடு கடந்து போக அந்த உரிமை போதாது. ஆட்சியர் கொடுத்த லைசென்ஸ் இங்கே அந்த அனுமதிக்கு ஈடாகாது. "வண்டியை எங்கேயும் நிறுத்தவே இல்ல சார்" என்பதும் பதில் ஆகாது. இந்தச் சட்டத்தை மீறினால் பொதுவாக 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. துப்பாக்கியோடு வண்டியும் பறிமுதல் ஆகலாம்.

ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். .177 அளவுக்கும் 20 ஜூல் திறனுக்கும் உட்பட்டதற்கு ஆயுத உரிமம் தேவையில்லை. ஆனால் வனச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கான விளக்கம் மிக அகலமானது. விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எதுவும் அதில் வரும், கண்ணி, வலைகூட. பையனை ஷூட்டிங் பயிற்சிக்கு மைசூர் அழைத்துப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

வனத்துறையின் எழுத்து அனுமதி கையில் இல்லையென்றால் சுற்றுவழிதான். கோவையிலிருந்து சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு போய் அங்கிருந்து மைசூர். டீசல் கூடுதலாக ஆகும், பரவாயில்லை.

யார் எடுத்துப் போகலாம், எப்படி

உரிமதாரர் நீங்கள் என்றால் நீங்களே வண்டியில் இருக்க வேண்டும். "டிரைவர்கிட்ட கொடுத்து விடறேன்", "தம்பி வர்றான், அவன் எடுத்துட்டு வருவான்" எல்லாம் வேண்டாம். சட்டம் இதில் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது: பழுது பார்க்கவோ, உரிமம் புதுப்பிக்கவோ, உரிமதாரரே பயன்படுத்துவதற்காகவோ, அவர் உடன் இருக்கும்போது அல்லது அவருடைய எழுத்து அனுமதியோடு இன்னொருவர் துப்பாக்கியைக் கொண்டு போகலாம். அது அந்தக் காரணங்களுக்கு மட்டும். இதை நம்பி மாநில எல்லையைத் தாண்ட ஆள் அனுப்பாதீர்கள்.

குடகில் உங்களுக்கு நண்பர் இருந்தால் "எங்களுக்கு லைசென்ஸே வேண்டாம்" என்று அவர் சொல்லக்கூடும். குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் மத்திய அரசு கொடுத்த விலக்கு அது. அவருக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அவர் துப்பாக்கியை நீங்கள் காரில் வைத்துக்கொண்டு வந்தால் உரிமம் இல்லாத துப்பாக்கிதான்.

பொது இடத்தில் ரைஃபிளை அதற்கென்று செய்த உறையில், முழுக்க மூடித்தான் கொண்டு போக வேண்டும், அது உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்கின்றன 2016-ஆம் வருட ஆயுத விதிகள். தோட்டாவை இறக்கிவிட்டு, கழற்ற முடிந்தால் போல்ட்டைத் தனியாக எடுத்து, பூட்டுப் போட்ட பெட்டியில் டிக்கியில் வையுங்கள். தோட்டா வேறு பெட்டியில் இருக்கட்டும், வாங்கிய பில்லோடு. சாப்பிட இறங்கும்போது வண்டியை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் போய்விடாதீர்கள். இரவு லாட்ஜில் தங்கினால் பெட்டி உங்களோடு அறைக்கு வர வேண்டும். காணாமல் போனால் உடனே பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டியது உரிமத்தின் நிபந்தனை.

கல்யாணத்துக்குப் போகிற பயணம் என்றால் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். ஊர்வலம், திருவிழா, கூட்டம், கல்வி நிறுவன வளாகம் இங்கெல்லாம் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப் போகக் கூடாது. கொண்டாட்டத்துக்கு வெடித்து மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

செக்போஸ்ட்டில்

அத்திப்பள்ளியோ வாளையாரோ, வண்டியை நிறுத்தினால் அவர்கள் டிக்கியைத் திறக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்: "சார், டிக்கியில லைசென்ஸ் உள்ள ரைஃபிள் இருக்கு, தோட்டா இல்லாமத்தான் இருக்கு, புக் இதோ." துப்பாக்கியை நீங்களாக எடுத்து நீட்ட வேண்டாம். அவர்கள் சொன்ன பிறகு, சொன்னபடி செய்யுங்கள்.

புக் என்றால் ஒரிஜினல் புக். செல்போனில் எடுத்த போட்டோவோ வாட்ஸ்ஆப்பில் மகன் அனுப்பிய பக்கமோ உரிமம் ஆகாது. கேட்கும்போது உரிமத்தைக் காட்ட முடியவில்லையென்றால் 19-வது பிரிவின்படி காவல் அலுவலர் உங்கள் பெயர், முகவரியைக் கேட்கலாம், துப்பாக்கியைக் கைப்பற்றலாம். அப்போது வாக்குவாதம் வேண்டாம். கைப்பற்றியதற்கான எழுத்துச் சான்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனில் போட்டோ வைத்திருப்பது வேறொன்றுக்கு உதவும்: புக் தொலைந்தால் எண்களைச் சொல்ல.

உரிம நிபந்தனையை மீறியதற்கு 30-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செல்லுபடியாகும் உரிமமே இல்லாத துப்பாக்கி என்று வழக்கு ஆனால் 2 வருடத்திலிருந்து 5 வருடம் வரை. எப்படியானாலும் உரிமமே ரத்தாகவும் வாய்ப்பு உண்டு.

தேர்தல் நேரம் என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். நம் மாநிலத்தில் இல்லாவிட்டாலும் போகிற மாநிலத்தில் தேர்தல் அறிவித்திருந்தால் அங்கே துப்பாக்கி எடுத்துச் செல்லத் தடை இருக்கும், எல்லையில் பறக்கும் படை சோதனையும் இருக்கும்.

அப்பாவின் துப்பாக்கி

கடைசியாக, யோசிக்கவே தோன்றாத ஒரு பயணம். ஊரில் அப்பா காலமாகிறார். காரியமெல்லாம் முடிந்து பெங்களூரு திரும்பும்போது, வீட்டில் அம்மா மட்டும் தனியாக இருக்கிறாரே, இது இங்கே இருக்க வேண்டாம் என்று அப்பாவின் ரைஃபிளை மகன் காரில் எடுத்து வைக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் உரிமம் அப்பாவின் பெயரில், அப்பா இல்லை. மகன் கையில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. அத்திப்பள்ளியில் இதை விளக்கிச் சொல்லித் தப்ப முடியாது.

செய்ய வேண்டியது, உள்ளூர் காவல் நிலையத்துக்கு முதலில் போனில் தகவல் சொல்வது. எப்படிக் கொண்டு வர வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். அங்கேயோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ துப்பாக்கியையும் மிச்சமிருக்கும் தோட்டாக்களையும் எண்ணி ஒப்படையுங்கள். ரசீதில் துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, தேதி, முத்திரை இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் உரிமம் கேட்கலாம், இல்லை விற்றுவிடலாம். இரண்டுக்கும் அந்த ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள்.