கல்லு ஓடியா போயிடும்?



திருப்பதி மலைக்குப் போனவர்கள் நம்ம பள்ளியில் நிறைய பேர் இருப்பீர்கள். மொட்டை போட்டு, சாமி கும்பிட்டு, லட்டு வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டீர்களா? இல்லை, சிலாதோரணம் பார்த்தீர்களா? கோயிலிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி, தோரணவாயில் மாதிரி வளைந்து நிற்கும் பாறை அது. அகலம் சுமார் 8 மீட்டர், உயரம் சுமார் 3 மீட்டர். யாரும் உளி வைத்துச் செதுக்கவில்லை, இயற்கையாக உண்டானது. சுற்றிலும் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். நாங்கள் போயிருந்தபோது என் தம்பி, "எதுக்கு வேலி? கல்லு ஓடியா போயிடும்?" என்று கேட்டான். எங்க அப்பா சிரித்துவிட்டார். ஆனால் பதில் சொல்லவில்லை.

கல் ஓடாது. ஆனால் விழும். உலகத்தில் பேர்போன பாறைகள் சில, நம் அப்பா அம்மா காலத்திலும் நம் காலத்திலுமே விழுந்திருக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

புவியியல் பாடத்தில் கடல் ஓங்கல், கடல் குகை, கடல் வளைவு, கடல் தூண் என்று வரிசையாகப் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் அவற்றை நான்கு தனித்தனி வகை என்று நினைத்து மனப்பாடம் செய்தேன். அப்படி இல்லையாம். ஒரே பாறையின் நான்கு வயசு அது. அலை மோதி மோதி ஓங்கலில் குகை குடையும். ஒரு முனைபோல் நீண்ட பாறையில் இரண்டு பக்கமும் குடைந்து நடுவில் சேர்ந்தால் வளைவு. வளைவின் மேல்பகுதி இடிந்தால் தூண். அப்புறம் தூணும் விழும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் போர்ட் கேம்பெல் கடற்கரைக்குப் போக வேண்டும். அங்கே ஓங்கல் எல்லாம் சுண்ணாம்புக்கல். பல லட்சம் வருஷத்துக்கு முன்னால் கடலடியில் சிப்பியும் எலும்பும் படிந்து இறுகியது. கொஞ்சம் மிருதுவான கல் என்பதால் அலைக்கு வேலை சுலபம். அங்கே இரண்டு வளைவுகளோடு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக்கு 'லண்டன் பிரிட்ஜ்' என்று பேர் வைத்திருந்தார்கள். ஜனங்கள் அதன் மேலேயே நடந்து கடைசி முனை வரை போய் வருவார்கள்.

1990 ஜனவரி 15 அன்று அப்படிப் போன இரண்டு பேர் முனையில் நின்றுகொண்டிருந்தபோது, கரைப்பக்க வளைவு திடீரென்று கடலில் விழுந்துவிட்டது. நடந்து வந்த வழியே இல்லை! நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. கடைசியில் போலீஸ் ஹெலிகாப்டர் வந்துதான் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. சில நிமிஷம் முன்னால் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இப்போது அதன் பேர் 'லண்டன் வளைவு'. பாலம் போய் ஒற்றை வளைவு மட்டும் தண்ணீருக்கு நடுவில் தனியாக நிற்கிறது.

அதே கரையில் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்ற தூண்களும் உண்டு. பேரில்தான் பன்னிரண்டு. எண்ணிப் பார்த்தவர்களுக்கு ஒன்பதுதான் கிடைத்தது. சுற்றுலாப் பயணிகளை இழுக்க வைத்த பேர் அது! அந்த ஒன்பதிலும் ஒன்று 2005 ஜூலை 3 அன்று பொலபொலவென்று சரிந்தது. அதன் உயரம் சுமார் 50 மீட்டர். இரண்டு பெரிய தென்னைமரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் அவ்வளவு வரும். 2009-இல் பக்கத்திலேயே இன்னொரு வளைவு இடிந்து இரண்டு தூண்களாக நின்றது. 1878-இல் அங்கே 'லாக் ஆர்ட்' என்ற கப்பல் மூழ்கியபோது 54 பேரில் டாம், ஈவா என்ற இருவர் மட்டும்தான் பிழைத்தார்கள். புதிதாக உண்டான தூண்களுக்கு அவர்கள் பேரையே வைத்துவிட்டார்கள்.

சரி, அவ்வளவு பெரிய பாறை ஏன் விழுகிறது? அலை மட்டும் காரணம் இல்லை. நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பாறையை மேலிருந்து அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. வளைவில் கல்லின் பாரம் இரண்டு கால்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. எல்லாக் கல்லும் ஒன்றை ஒன்று அமுக்கிக்கொண்டு இருக்கிற வரை நிற்கும். எங்கேயாவது விரிசல் விட்டால் போச்சு. அந்த விரிசலுக்குள் தண்ணீர் போகிறது. பிரீசரில் தண்ணீர் பாட்டிலை வைத்து மறந்துபோய், அது உப்பி வெடித்ததைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெரிதாகும். குளிர்நாட்டில் ராத்திரி ராத்திரி பாறைக்குள் இதுதான் நடக்கிறது. கடலோரமாக இருந்தால் உப்பு. கடற்கரை ஊர்களில் வீட்டுச் சுவரில் உப்பு பூத்து சுண்ணாம்பு உதிருமே, அதே கதைதான். சுண்ணாம்புக்கல்லை மழைத் தண்ணீரே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஆக, வளைவைச் செதுக்கியதும் இதே தண்ணீர்தான், இடிப்பதும் இதே தண்ணீர்தான். செதுக்கி முடித்தாச்சு, போதும் என்று அது நிறுத்திக்கொள்வதில்லை.

மால்டா நாட்டின் கோசோ தீவில் 'நீலச் சன்னல்' என்று 28 மீட்டர் உயரத்துக்கு ஒரு கடல் வளைவு இருந்தது. மேலே ஏறி நடந்தால் 1500 யூரோ அபராதம் என்று 2016-இல் அறிவித்தார்கள். அப்படியும் சிலர் ஏறினார்கள். ஆனால் விழுந்தது அவர்களால் அல்ல. 2017 மார்ச் 8 காலையில் பெரிய புயல் அலையில், தூண் சரிய, வளைவு முழுசாகக் கடலுக்குள் போய்விட்டது. ஒரு துண்டுகூட மிச்சம் நிற்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை ரொம்ப பாதித்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு மலையுச்சியில், பக்கவாட்டில் பார்த்தால் ஒரு தாத்தாவின் முகம் போலவே தெரியும் கிரானைட் பாறை இருந்தது. நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் அச்சு அசல். 'மலைக் கிழவர்' என்று பேர். முகத்தின் உயரம் மட்டும் 12 மீட்டர். அந்த மாநிலத்துக்கே அதுதான் அடையாளம். 2000-இல் வந்த கால் டாலர் நாணயத்தில்கூட அதைத்தான் போட்டார்கள்.

ஆனால் நெற்றிப் பாறையில் விரிசல் இருந்தது. 1916-லேயே இரும்புக் கம்பிகளை வைத்து இறுக்கினார்கள். 1958-இல் இன்னும் கம்பி, சிமென்ட், மழைநீர் உள்ளே போகாமல் ஒரு வாய்க்கால் என்று பெரிய வைத்தியமே நடந்தது. அதன் பிறகு ஒரு அப்பாவும் மகனும் அந்த முகத்தைப் பார்த்துக்கொள்வதையே வாழ்க்கையாக வைத்திருந்தார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு விரிசலை அளப்பார்கள், அடைப்பார்கள். அந்த அப்பா இறந்ததும் அவருடைய அஸ்தியைப் பாறை முகத்தின் இடது கண்ணுக்குள் வைத்தாராம் மகன்.

2003 மே 3 அதிகாலையில் மலைக் கிழவர் விழுந்துவிட்டார். மேகமூட்டமான ராத்திரி, ஒருத்தரும் பார்க்கவில்லை. விடிந்ததும் முகம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. செத்த வீட்டுக்கு வருவதுபோல் ஜனங்கள் பூ கொண்டுவந்து மலையடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"எப்படியும் விழத்தானே போகிறது, கம்பி போட்டது வேஸ்ட்" என்று என் பெஞ்சில் இருப்பவள் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் வைத்தியம் பார்க்காமலா இருக்கிறோம்? ஆனால் எல்லாப் பாறைக்கும் கம்பி போட முடியாது என்பதும் நிஜம்தான்.

இன்னொரு விஷயம் கேட்டால் கோபம் வரும். யூட்டா மாநிலத்தில் காளான் மாதிரி நிற்கும் மணற்பாறைகள் நிறைய உள்ள 'கோப்ளின் பள்ளத்தாக்கு' இருக்கிறது. கீழே மிருதுவான கல் சீக்கிரம் தேய்ந்து, மேலே கெட்டியான கல் குடைபோல் நிற்கும். 2013 அக்டோபரில் அதில் ஒன்றை ஒருவர் தோளால் முட்டித் தள்ளினார், இன்னொருவர் அதை வீடியோ எடுத்தார். இருவரும் யார் தெரியுமா? சாரணர் பிள்ளைகளை அழைத்துவந்த தலைவர்கள்! குழந்தைகள்மேல் விழுந்துவிடுமோ என்று தள்ளினோம் என்றார்களாம். ஆனால் வீடியோவில் விழுந்ததும் சிரித்துக் கும்மாளம் போடுகிறார்கள். சாரணர் பதவி போனது, கோர்ட்டில் வழக்கும் நடந்தது. அந்தக் கல்லின் வயசு சுமார் 17 கோடி வருஷம்.

அதே யூட்டாவில்தான் 'லேண்ட்ஸ்கேப் ஆர்ச்' இருக்கிறது. சுமார் 88 மீட்டர் நீளத்துக்கு ரிப்பன் போல நீண்ட வளைவு. ஓரிடத்தில் அதன் கனம் இரண்டு மீட்டர்கூட இல்லை. 1991 செப்டம்பரில் அதன் அடியில் நிழலுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் 'படபட'வென்று சத்தம் கேட்டு எழுந்து ஓடினார்கள். பின்னாலேயே 18 மீட்டர் நீளப் பாறைத் துண்டு விழுந்தது. அதிலிருந்து அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். வளைவுக்குக் கம்பி போடவில்லை, முட்டுக் கொடுக்கவில்லை. தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். வேலி எதற்கு என்பது புரிந்துவிட்டது. உடனே, "அப்ப நம்ம சிலாதோரணம் எப்ப விழும்?" என்றான். அது குவார்ட்சைட் பாறை, சுண்ணாம்புக்கல்லைவிட ரொம்பக் கெட்டி, அங்கே கடல் அலையும் கிடையாது, தண்ணீர் உறையும் குளிரும் கிடையாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடுத்த தடவை போறப்ப இருக்கும்ல?" என்று கேட்டான். இருக்கும்டா என்றேன்.

– ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு