நூலகமும் மாணவர் மதிப்புரையும்

நூலகத்துத் தட்டில் வீற்றிருப்பதனால் மாத்திரம் ஒரு நூல் வாழ்வதில்லை. வாசிக்கப்படும்போதே அது வாழ்கின்றது. இவ்வுண்மையை விதியாக வகுத்துத் தந்தவர் சீர்காழியிற் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் ஆவர். 1931ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிடைத்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரு விதிகளும் பெரிதும் தவறுவது பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள மாணவரிடத்தேயாம். சிறுவர் பகுதியை அவர்கள் கடந்துவிடுகின்றனர். பெரியோர் பகுதியில் எதனை எடுப்பதென்று அறியாது மயங்குகின்றனர். ஆசிரியர் பரிந்துரைக்கும் நூலைப் பாடத்தின் தொடர்ச்சியென ஐயுறுகின்றனர். தம் வயதுத் தோழன் ஒருவன் "இதை வாசித்துப் பார்" என்றாலோ, மறுநாளே அதனைத் தேடிச் செல்கின்றனர். எனவே, இளையோர்க்கு ஏற்ற நாவல்களை இளையோரே வாசித்து, தம் ஊர் நூலகத்துக்கு மதிப்புரை எழுதித் தருதல் மிகப் பயனுள்ள முறையாகும்.

பிற நாடுகளில் இம்முறை வேரூன்றியுள்ளது. இங்கிலாந்தில் சிறுவர், இளையோர் நூல்களுக்கு நூலகர்கள் வழங்கும் கார்னகி பதக்கம் 1936ஆம் ஆண்டு தொடங்கியது. நடுவர்கள் ஆராயும் அதே நூல்களைப் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் மாணவர் குழுக்களும் வாசித்துத் தம் கருத்தை எழுதுகின்றன. அமெரிக்காவில் 1967இல் வெளிவந்து இளையோர் நாவலுக்கு வழிகாட்டிய 'தி அவுட்சைடர்ஸ்' என்னும் நூலை எஸ். ஈ. ஹின்ரன் எழுதத் தொடங்கியது தமது பதினைந்தாம் வயதில் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. இளையோர்க்கு எது மெய்யாகத் தோன்றும் என்பதை இளையோரே நன்கறிவர்.

கண்டிக்கு இதில் தனிப்பட்ட உரிமையுண்டு. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனக் கருதப்படும் 'அசன்பேயுடைய கதை'யை 1885இல் வெளியிட்ட அறிஞர் சித்திலெப்பை, 1838ஆம் ஆண்டு இந்நகரிலேயே பிறந்தவர். தமிழ் நாவலைச் சமுதாய நோக்கில் ஆராய்ந்து 1968இல் 'தமிழ் நாவல் இலக்கியம்' என்னும் நூலைத் தந்த பேராசிரியர் க. கைலாசபதி, நமக்கு அணித்தாயுள்ள பேராதனையிற் பயின்றவர். நாவலும் அதன் திறனாய்வும் நம் வாசலிலேயே வளர்ந்தன. ஆயினும் டி. எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகத்தைக் கடந்து நாள்தோறும் செல்லும் நம் மாணவருள் எத்தனை பேர் இவற்றை அறிவர்?

மதிப்புரை எழுதப் புகும் மாணவன் நான்கு நெறிகளை மனங்கொள்ளுதல் நன்று. முதலாவது, கதை முழுவதையும் ஒப்பியாதே. முடிவை வெளியிடுதல் அடுத்த வாசகனின் இன்பத்தைக் கவர்தலாகும். இரண்டாவது, "மிக நன்று", "சுவையற்றது" என வாளா கூறாது, எவ்விடம் உன்னை ஈர்த்தது, எவ்விடத்தில் நூலை மூடி வைத்தாய் எனக் காட்டு. மூன்றாவது, நூலில் வரும் வாழ்வு நீ அறிந்த வாழ்வோடு பொருந்துகின்றதா எனச் சீர்தூக்கு. நான்காவது, இந்நூல் எத்தகைய வாசகனுக்கு உகந்தது எனச் சொல். நூலுக்கும் வாசகனுக்கும் இடையே நீ ஒரு தூதன் என்பதை மறவாதே.

மூன்றாவது நெறியின் அருமையை யான் ஒரு மாணவனிடமே கற்றேன். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கெனவும் 3,00,000 பேர் இலங்கைக்கெனவும், அவர்தம் விருப்பம் கேளாமலே பங்கிடப்பட்டனர். அதே ஆண்டிலேயே தோட்ட மக்களின் வாழ்வைக் கூறும் இரு நாவல்கள், கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும் நந்தியின் 'மலைக்கொழுந்து'வும், வெளிவந்தன. பிற்காலத்தில் வகுப்பிலே இவற்றைப் பற்றி யான் கூறியபோது, தோட்டத்திலிருந்து வந்து பயின்ற மாணவன் ஒருவன் இரண்டாவது நூலை எடுத்துச் சென்றான். ஒரு வாரத்தில் நான்கு பக்கம் எழுதி வந்தான். நான்கும் கதைச் சுருக்கமே. அதன் கீழே, "கதையை நூலே சொல்லும், நீ என்ன சொல்கின்றாய்?" என்றெழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

அவன் மறுமுறை கொண்டுவந்தது ஒரு பக்கந்தான். எழுத்தறியாத தன் அப்பாயிக்கு இரவுதோறும் நூலை வாசித்துக் காட்டியிருக்கின்றான். ஓரிடத்தில் அம்மூதாட்டி, "இது மெய்தான்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். வேறோரிடத்தில், "எங்க தோட்டத்துல இப்படி இல்லை" என்று மறுத்தாராம். இவ்விரண்டையும் எழுதி, "நூலில் உள்ளவர்கள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பதை இதுவரை நான் அறியவில்லை" என முடித்திருந்தான். பல்லாண்டு இலக்கியம் கற்பித்த எனக்கு அவ்வொரு பக்கம் ஒரு பாடமாயிற்று. அதனை வகுப்பில் வாசித்தபின், அந்நூலுக்காக மாணவர் முறை வைத்துக் காத்திருந்தனர்.

மாணவச் செல்வங்காள்! நும் மதிப்புரைக்காகக் காத்திருக்கும் நூல்கள் பல. அச்சேறிப் பல்லாண்டு கழிந்தும் திகதித் தாளில் முத்திரை காணாத நூல்களும் அவற்றுள் உள. அவற்றை எழுதியோருள் பலர் இன்றில்லை. அவர்கள் பாடிய மக்களின் பேரரே நீவிர். அந்நூல்களின் மெய்ம்மையைத் தேர்ந்து சொல்லும் உரிமை நும்மைவிட வேறெவர்க்குண்டு?

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விழாக் காலத்தில் நாம் கல்லூரி நூலகத்துக்கு நூல்களை வழங்குகின்றோம், போற்றத்தக்கதே. இவ்வாண்டு அவற்றோடு தடித்த கொப்பி ஒன்றையும் வழங்குவோம். நாவல் வாசித்த ஒவ்வொரு மாணவனும் அதில் ஒரு பக்கம் எழுதட்டும். தவணைதோறும் சிறந்தவற்றைப் படியெடுத்து நகரப் பொது நூலகத்துக்கும் அளிக்கலாம். இதற்காகும் செலவு சிறிது. அடுத்த விழாவின்போது அக்கொப்பியைப் புரட்டுவோர், நம் பிள்ளைகள் எவற்றை வாசித்தனர், எவற்றை எண்ணினர் என்பதை அவர்தம் கையெழுத்திலேயே காண்பர்.